காத்திருக்கத் தெரிந்த பூவுக்கே விலை

தோவாளை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் என்று எந்தப் பூ மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒரு காட்சி பழகிப்போன ஒன்று. இருபது சென்ட் சம்பங்கி வைத்திருக்கும் விவசாயி மூட்டையை இறக்குகிறார். மண்டிக்காரர் ஒரு விலை சொல்கிறார். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் அந்த விலை கட்டாது என்பது விவசாயிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ஊர் திரும்புகிறார். மூட்டையைத் திருப்பி எடுத்துப் போனால் மாலைக்குள் அது குப்பை என்பதுதான் காரணம்.

நெல் வைத்திருப்பவர் விலை ஏறும்வரை சில நாள் பொறுக்கலாம். மஞ்சளும் மிளகாயும் வைத்திருப்பவர் மாதக்கணக்கில் பொறுக்கலாம். பூ வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. விலை சொல்லும் உரிமை முழுவதும் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டதற்கு இதுவே அடிப்படை. விளைச்சல் மிகுந்த நாட்களில் மார்க்கெட் ஓரத்தில் பூவைக் கொட்டிவிட்டுப் போகிற அவலமும் இதனால் வருவதுதான்.

பூவின் ஆயுள் குறைவு என்பது இயற்கை. ஆனால் இருக்கிற ஆயுளையும் பறித்த சில மணி நேரத்தில் வீணாக்கிவிடுவது மனிதர் செய்யும் தவறு. உரம் எவ்வளவு, மருந்து எது என்று ஆயிரம் கேள்வி கேட்கும் விவசாயிகள், பறித்த பூவை எப்படி வைப்பது என்று கேட்பதில்லை. பறித்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் மாறினால் பூ ஒரு நாளோ இரண்டு நாளோ கூடுதலாக நிற்கும். அந்த ஒரு நாள்தான் சிறு விவசாயியின் பேரம் பேசும் பலம். அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கூர்மையான கத்தி, சுத்தமான வாளி, நிழல், நல்ல தண்ணீர் ஆகியவை போதும்.

அறுத்த பூவும் மூச்சு விடுகிறது

செடியிலிருந்து அறுத்ததும் பூ இறந்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகிறது. தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்தைச் செலவழிக்கிறது. இதழ் வழியாகவும் இலை வழியாகவும் நீரை ஆவியாக விடுகிறது. வேரிலிருந்து வரும் வரவு நின்றுவிட்டது. செலவு மட்டும் தொடர்கிறது. கையிருப்பு தீரும்போது பூ வாடுகிறது.

செலவைக் கூட்டுவதில் முதலிடம் வெப்பத்துக்கு. வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு கூடினால் பூ மூச்சு விடும் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. காலையில் 24 டிகிரியில் பறித்த பூ, பகலில் 34 டிகிரி வெயிலில் வண்டியின் மேல் கிடந்தால், அங்கே கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் கழிந்ததற்குச் சமம். மூட்டையில் திணித்துக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஈரமாக அடுக்கிய வைக்கோல் போருக்குள் கை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எப்படிச் சுடும் என்று. பூ மூட்டைக்குள்ளும் அதே சூடுதான் பிறக்கிறது.

இரண்டாவது பகை காற்றுக் குமிழி. காம்புக்குள் நீர் ஏறும் மெல்லிய குழாய்கள் உள்ளன. அறுத்தவுடன் அறுபட்ட வாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதன்பின் வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பூவுக்கு எட்டாது. காலையில் வாங்கிய ரோஜா மாலையில் கழுத்தொடிந்து தொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது பகை பாக்டீரியா. அழுக்கு வாளி, தண்ணீரில் மூழ்கி அழுகும் இலை, காம்பிலிருந்து கசியும் சாறு ஆகியவற்றில் அது பெருகி, வழவழப்பாகி, குழாயின் வாயை மூடுகிறது. தண்ணீர் கலங்கி நாறுவதற்கு முன்பே இந்த அடைப்பு தொடங்கிவிடும்.

நான்காவது பகை கண்ணுக்குத் தெரியாத எத்திலீன் வாயு. வாழைத்தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் பழக்கம் விவசாயிகள் அறிந்ததே. அந்தப் புகையிலுள்ள எத்திலீன்தான் காயைப் பழமாக்குகிறது. பழுக்கும் பழங்களிலிருந்தும் அழுகும் பூக்களிலிருந்தும் அதே வாயு வெளிவருகிறது. காயைப் பழமாக்கும் வாயு பூவை முதுமையடையச் செய்கிறது. கார்னேஷன் பூ இதற்கு மிக விரைவில் பலியாகும். ரோஜாவிலும் பல ரகங்கள் பாதிக்கப்படும். ஆகவே வாழைப்பழமும் மாம்பழமும் வைத்த அறையில் பூவை வைப்பதும், வாடிய பூவை நல்ல பூவோடு விட்டுவைப்பதும் கூடாது.

கத்தியும் வாளியும் வயலுக்கே போகட்டும்

காம்போடு விற்கும் பூக்களான சம்பங்கித் தண்டு, ரோஜா, கிளாடியோலஸ், ஜெர்பரா ஆகியவற்றுக்கு முதல் விதி, அறுத்ததும் தண்ணீர் என்பதே. அறுவடை முடிந்து வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, அதன்பின் தண்ணீரில் வைப்பது பயன் தராது. தண்ணீர் வாளியை வரப்பிலேயே நிழலில் வைத்து, அறுக்க அறுக்க அதில் நிறுத்த வேண்டும்.

அறுவடைக்கு அதிகாலை சாலச் சிறந்தது. இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீர் அப்போது பூவில் நிறைந்திருக்கும், வெப்பமும் குறைவு. காலையில் முடியாதவர்கள் வெயில் தாழ்ந்தபின் மாலையில் அறுக்கலாம். உச்சி வெயிலில் அறுப்பது அறவே கூடாது.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தியும் சாதாரண கத்தரிக்கோலும் காம்பை நசுக்கிக் குழாய்களை மூடிவிடும். காம்பைச் சாய்வாக அறுப்பது நல்லது. நேராக அறுத்த காம்பு வாளியின் அடியில் பதிந்து உட்கார்ந்து நீர் ஏறுவதைத் தடுக்கும். கெட்டியான காம்பைச் சுத்தியால் நசுக்கி வைத்தால் நீர் நன்றாக ஏறும் என்று சிலர் சொல்வது தவறான யோசனை. நசுங்கிய இடமே பாக்டீரியாவுக்குக் கூடாரமாகும்.

வீட்டுக்கு வந்ததும், ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, காம்பின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து ஓர் அங்குலம் மீண்டும் அறுத்துவிட வேண்டும். காற்று புகுந்த பகுதி இதனால் கழிந்துவிடும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகள் அனைத்தையும் கிள்ளிவிட வேண்டும். பின்னர் இரண்டு மூன்று மணி நேரம் காற்று வீசாத குளிர்ந்த நிழலில் நிறுத்தி வைத்தால் பூ வயிறாரக் குடித்துக்கொள்ளும். அதன்பின் கட்டி அனுப்புகிற பூவுக்கும், அறுத்த கையோடு கட்டி அனுப்புகிற பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குகிறவர் வீட்டில் மறுநாள் பார்க்கலாம்.

எந்த நிலையில் அறுப்பது?

எல்லாப் பூவுக்கும் ஒரே கணக்கு இல்லை. ரோஜாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு விரியத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். அதற்கு முன் இறுகிய மொட்டாக அறுத்தால் விரியாமலே கழுத்து ஒடியும். சம்பங்கித் தண்டில் அடியிலுள்ள ஒன்றிரண்டு மொட்டுகள் விரிந்ததும் அறுக்கலாம். மேலுள்ளவை தண்ணீரில் வரிசையாக விரியும். அடியில் வாடியதை அவ்வப்போது கிள்ளி எடுத்துவிட வேண்டும். கிளாடியோலஸ் தண்டில் அடி மொட்டுகள் நிறம் காட்டியதும் அறுக்கலாம். இதைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும் என்பதால் எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாமந்திக்கு மொட்டுப் பருவம் ஆகாது. நன்றாக விரிந்த பிறகே அறுக்க வேண்டும். ஜெர்பராவின் காம்பில் மென்மயிர் இருப்பதால் ஆழமான தண்ணீரில் அழுகும். நான்கு விரற்கடை தண்ணீரே அதற்குப் போதும்.

தண்ணீரில் என்ன போடுவது?

பூ நிற்கும் தண்ணீரில் ஆஸ்பிரின் மாத்திரை போடலாம், செப்புக் காசு போடலாம் என்று பல யோசனைகள் வீடுகளில் வழங்குகின்றன. இவற்றை நம்பி நல்ல வழியைக் கைவிட வேண்டியதில்லை. ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றே புளிப்பாக்கும். அந்த வேலையை எலுமிச்சைச் சாறு குறைந்த செலவில் செய்யும். இன்று கையில் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் செம்பு அல்ல, எஃகு. அவற்றைப் போடுவதால் எந்தப் பலனும் இல்லை.

பூவுக்கு வேண்டியது மூன்று: சிறிது சர்க்கரை, சிறிது புளிப்பு, பாக்டீரியா இல்லாத தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலந்தால் முதலிரண்டும் கிடைத்துவிடும். சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு, நீர் காம்பில் எளிதாக ஏற உதவும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சர்க்கரை பூவுக்கு மட்டும் உணவல்ல, பாக்டீரியாவுக்கும் உணவு. ஆகவே சர்க்கரை போட்ட தண்ணீரைத் தினமும் மாற்றியே தீர வேண்டும். தினமும் மாற்ற முடியாதவர்கள் சர்க்கரையே போடாமல் சுத்தமான வெறும் தண்ணீரில் வைப்பது மேல். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காம்பின் அடியில் அரை அங்குலம் அறுத்துவிட வேண்டும்.

வாளியைச் சோறு வடிக்கும் பாத்திரம் போல் கருத வேண்டும். வாரம் ஒரு முறையாவது பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் எலுமிச்சைச் சாறும் நேருக்கு நேர் கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். ஆகையால் கழுவும் வேலையையும் கரைசல் வேலையையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். புளிப்பு கலந்த நீருக்குத் தகர வாளி உதவாது. பிளாஸ்டிக் வாளியே ஏற்றது.

தண்ணீரின் குணமும் முக்கியம். உப்புக் கரிக்கும் கிணற்று நீரில் எந்தப் பூவும் நெடுநேரம் நிற்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு மிகுதி. கிளாடியோலஸ், ஜெர்பரா போன்ற பூக்கள் அதைத் தாங்காமல் ஓரம் கருகும். பருவ மழையின்போது ஒரு தொட்டி மழைநீரைப் பிடித்து மூடி வைத்துக்கொள்வது இதற்கு எளிய பரிகாரம்.

உதிரிப் பூவுக்கு வேறு வழி

மல்லிகை, முல்லை, பிச்சி, உதிரிச் சம்பங்கி, செண்டுமல்லி ஆகியவற்றுக்கு வாளித் தண்ணீர் பொருந்தாது. காம்பு இல்லாத பூ தண்ணீர் குடிக்காது. அதனிடம் உள்ள ஈரத்தை வெளியே விடாமல் காப்பதும், சூடேறாமல் காப்பதும்தான் இங்கே வேலை.

மல்லிகையில் அன்று மாலை விரியப் போகும் முதிர்ந்த மொட்டைச் சூரியன் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பறித்ததைச் சாக்கில் அமுக்காமல் மூங்கில் கூடையில் தளர்வாகப் பரப்ப வேண்டும். கூடையின் உட்புறம் நனைத்துப் பிழிந்த துணியோ வாழை இலையோ விரித்து, மேலேயும் அதுபோலவே மூட வேண்டும். ஈரம் துணியில் இருக்கலாம், பூவின் மேல் சொட்டக் கூடாது. நீர் கோத்த மொட்டு பழுப்பேறி அழுகும். தொலைதூரத்துக்குத் தெர்மோகோல் பெட்டியில் அனுப்புகிறவர்கள், ஐஸ் பையைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றி, பூவில் படாமல் வைக்க வேண்டும்.

இத்தனை செய்தாலும் மல்லிகை ஒரு வாரம் நிற்காது. அப்படி நிற்கும் என்று யாராவது மருந்து விற்க வந்தால் நம்ப வேண்டாம். மல்லிகையில் காப்பாற்றக் கூடியது சில மணி நேரம்தான். ஆனால் காலை மார்க்கெட்டில் விலை இறங்கினால், பக்கத்து ஊரின் மாலை வியாபாரத்துக்கு எடுத்துப் போக அந்தச் சில மணி நேரம் போதும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் மணமும் கெட்டியான இதழும். அந்தப் பெயரைக் கசங்கிய சாக்கு மூட்டை கெடுத்துவிடக் கூடாது.

செங்கல்லும் மணலும் போதும்

குளிர்சாதன அறை இல்லையே என்று ஏங்கும் விவசாயிகளுக்கு ஒரு நல்ல மாற்று உண்டு. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980-களில் உருவாக்கிய, மின்சாரம் தேவைப்படாத குளிர்த் தொட்டி அது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் அடிப்படை.

மரநிழலிலோ கூரை அடியிலோ தரையில் ஒரு வரிசை செங்கல் பரப்ப வேண்டும். அதன்மேல் இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். உயரம் இரண்டே கால் அடி இருந்தால் போதும். மூங்கில் சட்டத்தில் சாக்கு தைத்து மூடி செய்துகொள்ளலாம். காலையும் மாலையும் மணலையும் சாக்கையும் நனைத்து வந்தால் உள்ளே வெளியைவிடக் குளுமையாகவும், இலை வாடாத அளவு ஈரக்காற்றாகவும் இருக்கும். வறண்ட கோடையில் வேலூர், சேலம், திண்டுக்கல் பக்கம் இதன் பயன் அதிகம். காற்றிலேயே ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் பயன் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். காய்கறிக்கும் இது உதவும். ஆனால் பழுக்கும் பழத்தைப் பூவோடு சேர்த்து வைக்கக் கூடாது.

தண்ணீர் தெளித்து எடை கூட்டுவது யாரை ஏமாற்ற?

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் மூட்டையில் தண்ணீர் தெளிப்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. பூ வாடாமல் இருக்க என்று வெளியே சொல்வது. எடை கூட என்பது உள்ளே இருக்கும் எண்ணம். மண்டிக்காரருக்கு இது தெரியாத ரகசியமல்ல. ஈரத்துக்கு என்று அவர் எடையில் கழிக்கிறார். கழிவுக்கு ஆளாவது தெளித்தவருடைய மூட்டை மட்டுமல்ல. தெளிக்காத நேர்மையானவருடைய மூட்டையும்தான். இதற்கிடையில் நடுவில் கிடக்கும் நனைந்த பூ சூடேறி அழுகிப் போகிறது. தெளித்தவருக்கும் லாபமில்லை, வாங்கியவருக்கும் லாபமில்லை. ஓர் ஊர் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, இனி தெளிப்பதில்லை என்று முடிவெடுத்து, அதைச் சொல்லியே ஈரக் கழிவை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும் உரிமை அப்போதுதான் பிறக்கும்.

கொஞ்சம் காம்போடும் விற்கலாமே

சம்பங்கி பயிரிடும் சிறு விவசாயிகள் பெரும்பாலும் உதிரியாகவே விற்கின்றனர். ஒரு பகுதியையாவது தண்டாக விற்றுப் பார்க்க வேண்டும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் போன்ற ரகம் உதிரிக்கும் தண்டுக்கும் ஏற்றது. உதிரிப் பூ அன்றே விற்றாக வேண்டும். தண்ணீரில் நிற்கும் தண்டு அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரை காத்திருக்கும். இரண்டு நாள் முன்னதாக அறுத்து, நிழலில் வாளியில் நிறுத்தி, தேவை ஏறும் நாளில் கொண்டுபோகலாம்.

இதிலும் கணக்குப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தண்டை அறுத்துவிட்டால் அதிலிருந்து அடுத்தடுத்துப் பறித்திருக்கக் கூடிய உதிரிப் பூ போய்விடும். ஆகவே பத்துத் தண்டுகளை விட்டுவைத்து, அவற்றில் கிடைக்கும் உதிரிப் பூவின் எடையையும் விலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு பத்துத் தண்டுகளை முழுதாக விற்று அந்த விலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பறிகூலி மிச்சமாவதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மாதத்தில் எது லாபம் என்று விவசாயிக்கே தெரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் செலவாகும் சோதனை இது.

வாங்குகிறவர் வீட்டிலும் பூ நிற்க வேண்டும்

பூவின் கதை மண்டியோடு முடிவதில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய சம்பங்கித் தண்டு ஞாயிற்றுக்கிழமையே தலை சாய்ந்தால், அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வாங்காது. ஒரு வாரம் அளவுக்கு நின்றால், முடிந்ததும் மீண்டும் வாங்கும். ஆகவே வீட்டுக்காரர்களுக்குப் பூ வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதும் விவசாயியின் சொந்த லாபத்துக்கான வேலை.

நேரடியாக விற்கிறவர்கள் இவற்றை வாயாலேயே சொல்லிக் கொடுக்கலாம். காம்பைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக அறுங்கள். மூழ்கும் இலையைக் கிள்ளிவிடுங்கள். தினம் தண்ணீர் மாற்றுங்கள். வெயில் படும் சன்னல், மின்விசிறிக் காற்று, தொலைக்காட்சிப் பெட்டியின் சூடு, பழக்கூடை ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். தலை சாய்ந்த ரோஜாவை எறிந்துவிடாமல், காம்பை மீண்டும் அறுத்து, பூவைச் செய்தித்தாளில் நிமிர்த்திச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பல சமயம் நிமிர்ந்துவிடும்.

கட்டிய சரம் வாங்கும் பெண்மணிகளுக்கு வேறு யோசனை. சரத்தை நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியிலோ வாழை இலையிலோ சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்தால் பனிக்கட்டி உறையும் தட்டில் வைக்காமல் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். பழத்தோடு வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் தண்ணீர்ப் பானையின் அருகே ஈரமணல் மேல் வைத்தாலும் போதும்.

பலன் யாருக்கு?

இவ்வளவு பாடுபட்டாலும் மண்டியில் எல்லா மூட்டைக்கும் ஒரே விலைதானே என்று விவசாயிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நல்ல பூவையும் வாடிய பூவையும் ஒரே குவியலில் கொட்டும் இடத்தில் கவனத்துக்குக் கூலி இல்லை. அதற்காகக் கவனத்தைக் கைவிடுவது விடையாகாது. விற்கும் வழியையும் சேர்த்து மாற்றுவதே விடை. ஐந்தாறு பேர் சேர்ந்து, தரம் பிரித்து, கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள், ஓட்டல்கள், தேவாலயங்கள் ஆகியோரிடம் நேரே பேசலாம். சொன்ன நாளில், சொன்ன அளவில், வாடாத பூ கொடுக்க முடிகிறவருக்கு அவர்கள் மண்டி விலைக்கு மேலே கொடுக்கத் தயங்க மாட்டார்கள். அவர்களுடைய கவலை விலையைவிட, முகூர்த்த நேரத்தில் பூ தொங்கிவிடக் கூடாது என்பதே.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோது அதன் நோக்கம், விளைவித்தவரே விலை சொல்ல வேண்டும் என்பது. அந்த நோக்கம் பூவுக்கும் பொருந்தும். பூ மார்க்கெட் உள்ள ஊர்களில் சிறு விவசாயி ஒரே ஒரு கூடையைக் கூட, ஒரு நாள் வாடகை கொடுத்து வைக்கக் கூடிய குளிர் அறை வேண்டும். லாரிக் கணக்கில் அனுப்புகிறவருக்கு மட்டும் பயன்படும் அறை, இருபது சென்ட்காரருக்கு உதவாது. அப்படிக் கட்டும்போதும் எல்லாப் பூவையும் ஒரே அறையில் அடைக்கக் கூடாது. ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி குளிர் ஏற்றது. சம்பங்கிக்கு அந்தக் குளிர் ஆகாது. 7 முதல் 10 டிகிரியே அதற்கு உகந்தது, இல்லையேல் மொட்டு விரியாது. பழங்களுக்குக் கட்டிய அறையில் பூவையும் சேர்த்து வைப்பது எத்திலீனுக்குப் பூவைப் பலி கொடுப்பதாகும். இந்த விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டியவர்களும் விவசாயிகளே.

குளிர் அறை வரும்போது வரட்டும். அதுவரை கை கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாளைக் காலை வயலுக்குப் போகும்போது கழுவிய வாளியில் தண்ணீரும், தீட்டிய கத்தியும் கூடப் போகட்டும். சாக்குக்குப் பதில் கூடை போகட்டும். பூ மர நிழலில் இறங்கட்டும். கட்டாத விலை சொல்லும்போது, "இன்று வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று மூட்டையைத் திருப்பித் தூக்கக் கூடிய நாள் பூ விவசாயிக்கும் வர வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம், பூ இன்னும் ஒரு நாள் நிற்கும் என்ற நம்பிக்கையிலிருந்துதான் வரும்.